மாத்திரை கேட்காதவர்களுக்கு: விறைப்புக் குறைபாட்டுக்கான ஊசி சிகிச்சை, ஆரம்பம் முதல் கடைசி வரை

தேனி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய கம்பம் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை சாத்தும் நேரம் பார்த்து வந்து, மற்றவர்கள் எல்லாம் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த மாத்திரை இப்பல்லாம் கேட்க மாட்டேங்குதுண்ணே, அடுத்து என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவர் முதல் ஓய்வுபெற்ற வாத்தியார் வரைக்கும் எல்லாரும் இதில் உண்டு. அடுத்து இருப்பது ஊசி. அதைச் சொன்னதும் முக்கால்வாசிப் பேர் முகம் சுருங்கிப்போய் எழுந்து போய்விடுகிறார்கள், அந்த இடத்திலா ஊசி என்று. மீதிப் பேர், எங்கேயோ யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, நீங்களே ஒன்று கொடுங்கள், போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஊசி குத்துவது இந்தச் சிகிச்சையில் ரொம்பச் சின்ன வேலை, பத்து நொடியில் முடிந்துவிடும். யாருக்குப் போடலாம், எவ்வளவு போடலாம், விறைப்பு இறங்காவிட்டால் அந்த ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, இந்த மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்வதுதான் உண்மையான சிகிச்சை.

ஊசி எப்படி வேலை செய்கிறது

ஆண்குறிக்குள் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு குழல்கள் இருக்கின்றன. உள்ளே சின்னச் சின்ன அறைகள், அந்த அறைகளைச் சுற்றி மென்மையான தசை. சாதாரண நேரத்தில் இந்தத் தசை இறுகி இருக்கும், ரத்தம் கொஞ்சம்தான் உள்ளே வரும். ஆசை வரும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி வந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருள் சுரந்து, தசை தளர்ந்து, ரத்தம் நிரம்பி, நிரம்பிய அழுத்தத்தில் ரத்தம் வெளியே போகும் சிறு நாளங்கள் நசுங்கி அடைபட்டு, அப்புறம்தான் விறைப்பு நிற்கிறது. சில்டெனஃபில், டடாலஃபில் மாத்திரைகள் எல்லாம் இந்த நரம்புச் செய்தியைக் கொஞ்சம் நீட்டித்துக் கொடுப்பவைதான். செய்தியே வராவிட்டால் நீட்டிக்க ஒன்றும் இல்லை. பல வருஷம் சுகர் இருந்து நரம்பு பழுதானவர், புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்டவர், மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர், இவர்களுக்கெல்லாம் மாத்திரை தோற்பதற்குக் காரணம் இதுதான்.

ஊசி மருந்து அந்தச் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. நேராகத் தசைக்கே போய் அதைத் தளர்த்துகிறது. மாத்திரை தோற்ற இடத்திலும் ஊசி ஜெயிப்பதன் ரகசியம் அவ்வளவுதான். ஒழுங்காக டோஸ் பார்த்துப் போட்டால் நூறில் எழுபது பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. புது வைத்தியமும் இல்லை. 1982இல் ரொனால்ட் விராக் என்ற பிரெஞ்சு ரத்தநாள அறுவை மருத்துவர் பாபாவெரின் மருந்தை வைத்து இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அடுத்த வருஷமே, 1983இல், லாஸ் வேகாஸில் யூராலஜி டாக்டர்கள் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களுக்கான நிபுணர்கள்) கூடிய மாநாட்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஜைல்ஸ் பிரிண்ட்லி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறி, எல்லார் முன்னாலும் பலனைக் காட்டிவிட்டார். அமெரிக்காவில் அல்ப்ரோஸ்டடில் ஊசிக்கு இதற்கென்றே அனுமதி கிடைத்தது 1995இல், அதாவது சில்டெனஃபில் மாத்திரை வருவதற்கு மூன்று வருஷம் முன்பே.

மாத்திரை உண்மையிலேயே தோற்றதா?

ஊசிக்குப் போகுமுன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ராத்திரி நாலு பரோட்டா, சால்னா, சுக்கா என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே சில்டெனஃபில் போட்டால், அந்தக் கொழுப்பு மருந்தைச் சீக்கிரம் உள்ளே இழுக்கவிடாது. மருந்து வேலையைத் தொடங்குமுன் ஆள் தூங்கிப்போய்விடுவார். வெறும் வயிற்றில், அல்லது லேசான சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்து, ஒரு மணி நேரம் முன்பாகப் போட்டு, கூடவே தொடுதலும் நெருக்கமும் இருந்தால்தான் அது வேலை செய்யும். டாக்டர் அனுமதிக்கும் முழு டோஸில், ஆறேழு முறையாவது தனித்தனி நாளில் முயன்று பார்த்த பிறகுதான் மாத்திரை தோற்றது என்று சொல்லலாம். ஒரே தடவை போட்டுவிட்டு, அதுவும் குடித்துவிட்டுப் போட்டு, பலிக்கவில்லை என்று ஊசி கேட்டு வருகிறவர்களை நான் திரும்ப டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைப்பவர்களும், நைட்ரேட் வகை மாத்திரை தினமும் சாப்பிடுபவர்களும் சில்டெனஃபில் பக்கமே போகக்கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அவர்களுக்கு ஊசி ஒரு வழிதான், ஆனால் உடலுறவு என்ற உழைப்பையே இதயம் தாங்குமா என்று இதய டாக்டர் சொன்ன பிறகு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தின் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். குழாயில் கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். ஆகவே நாற்பது ஐம்பது வயதில் விறைப்பு குறைவது, சில வருஷத்தில் வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். எங்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு, 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி 25.5 சதவீதம் பேருக்கு, சுகர் இருக்கிறது. சுகர், மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, பிரஷர், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன், இசிஜி. இத்தனையும் பார்க்காமல் நேரே ஊசிக்குப் போனால் விறைப்பு வரும், ஆனால் அடியில் இருக்கும் நோய் அப்படியே இருக்கும்.

யாரிடம் போவது

யூராலஜி டாக்டர். வேறு யாரும் இல்லை. எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கம்பத்துக்காரர் மேடேறிக் கட்டப்பனைக்கோ கோட்டயத்துக்கோ போவார், குமுளி வண்டன்மேட்டுக்காரர் கீழே இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போவார். அதில் தப்பே இல்லை. மானம் காக்க மலை ஏறுவதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்: ஊசியைக் கற்றுக்கொண்ட ஊர் எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி, அவசரத்துக்கு ஓட வேண்டிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

மாதத்தில் இந்தத் தேதி இந்த லாட்ஜில் தங்குவோம், ஆண்மைக் குறைவு தீரும் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவர்கள் விற்கும் பொடி வேலை செய்கிறதென்றால், பெரும்பாலும் அதில் சில்டெனஃபிலை அரைத்துக் கலந்திருப்பார்கள், எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. சார்பிட்ரேட் சாப்பிடும் மனிதர் ஒருவர் அந்தப் பொடியைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை சில. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், வார்ஃபரின் எதுவானாலும். குறி ஏற்கெனவே வளைந்திருந்தால், உள்ளே கட்டி மாதிரி தட்டுப்பட்டால். ரத்தப் புற்றுநோய் இருந்தால், மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருந்தால். முக்கியமாக அரிவாள் செல் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். வயநாடு, அட்டப்பாடி, நீலகிரிப் பக்கத்துப் பழங்குடி மக்களிடையே இந்த மரபணு நிறையப் பேருக்கு உண்டு, நோயாக வெளிப்படாமல் கடத்துபவராக மட்டும் இருப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு ஊசி போட்டால் விறைப்பு இறங்காமல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பதால் இந்த ஊசி கூடாது. அந்தப் பக்கத்து ரத்த சம்பந்தம் இருந்தால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

முதல் ஊசி ஆஸ்பத்திரியில்தான்

இதில் பேரமே கிடையாது. முதல் டோஸ் டாக்டர் கையால், அவர் கண் முன்னால். சிலருக்கு இதையே ஸ்கேனோடு சேர்த்துச் செய்வார்கள், ஊசி போட்டுவிட்டு டாப்ளரில் ரத்தம் எவ்வளவு வேகமாக உள்ளே வருகிறது, வந்தது உள்ளே நிற்கிறதா ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன் முடிந்ததும் அவசரமாக பஸ் பிடித்துக் கிளம்பிவிடாதீர்கள். விறைப்பு முழுக்க இறங்கிய பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

அல்ப்ரோஸ்டடில் என்றால் பொதுவாக 2.5 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அதிலும் பாதி, 1.25. அவர்களுக்குத் தசை நல்ல நிலையில் இருப்பதால் சின்ன டோஸே அதிகமாக வேலை செய்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், உறவுக்குப் போதுமான விறைப்பு வந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிற அளவு எதுவோ, அதுதான் உங்கள் டோஸ். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இந்தச் சிகிச்சைக்கு வரவே வேண்டாம். அடுத்தவர் டோஸ் உங்களுக்கு ஒத்துவராது, அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

அங்கேயே, நர்ஸோ டாக்டரோ பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கையால் நீங்களே ஒரு தடவை போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். கை நடுங்குபவர்கள், கண் சரியாகத் தெரியாதவர்கள், தொப்பை மறைத்துக் குறியே தெரியாதவர்கள் மனைவியையும் அழைத்துப் போகலாம். பல வீடுகளில் மனைவிதான் போட்டுவிடுகிறார். சுகருக்கு இன்சுலின் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

மருந்தும் சிரிஞ்சும்: கடைக்காரனாக நான் ரொம்பப் பயப்படும் இடம்

மூன்று மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. பாபாவெரின், ஃபென்டோலமின், அல்ப்ரோஸ்டடில். தனியாகவும் போடுவார்கள், இரண்டு அல்லது மூன்றைக் குறைந்த அளவில் கலந்தும் போடுவார்கள். கலவையை டாக்டர் அல்லது ஆஸ்பத்திரி மருந்தகம்தான் கலந்து தர வேண்டும். பாபாவெரின் பழைய மருந்து, எளிதாகக் கிடைக்கும், ஆனால் தனியாகப் போட்டால் இறங்காத விறைப்பும் உள்ளே தழும்பு விழுவதும் அல்ப்ரோஸ்டடிலை விட அதில் அதிகம். அல்ப்ரோஸ்டடிலில் அந்த ஆபத்து குறைவு, பதிலுக்கு மூன்றில் ஒருவருக்கு ஒரு மந்தமான வலி இருக்கும். கலவையில் ஒவ்வொன்றின் அளவும் குறைவதால் வலியும் குறையும்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். பிறந்த குழந்தைகளின் இதயக் கோளாறுக்கு இதே அல்ப்ரோஸ்டடில் 500 மைக்ரோகிராம் ஆம்பூலாக வருகிறது. பெரியவர்களின் குறிக்குப் போடும் உச்ச அளவே 60 மைக்ரோகிராம்தான், பெரும்பாலோருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். இணையத்தில் பெயரைத் தேடி, எங்கேயோ அந்த ஆம்பூலை வாங்கி, வீட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். நம் கடைகளில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் வகை. இரண்டிலும் கோடுகளில் யூனிட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் சிவப்பு மூடியில் ஒரு மில்லியை 40 பாகமாகப் பிரித்திருக்கிறார்கள், ஆரஞ்சில் 100 பாகமாக. டாக்டர் ஆரஞ்சு சிரிஞ்சை மனதில் வைத்து "பத்து யூனிட்" என்றால் அது 0.1 மில்லி. நீங்கள் சிவப்பு மூடியில் பத்தாம் கோடு வரை இழுத்தால் அது 0.25 மில்லி. இரண்டரை மடங்கு! ஒரு மணி நேரத்தில் இறங்க வேண்டியது விடிய விடிய இறங்காது. ஆகவே டோஸை யூனிட்டில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மில்லி, எந்த நிற மூடி என்று மூன்றையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்கு வரும்போது அந்தச் சீட்டைக் காட்டி அதே சிரிஞ்சைத்தான் வாங்க வேண்டும். இருக்கிறதைக் கொடுங்கள் என்று கேட்கவே கூடாது. ஊசியின் நீளம் பொதுவாக அரை இஞ்ச், தடிமன் 27 முதல் 30 கேஜ். நீளம் குறைந்தால் மருந்து தோலுக்கடியிலேயே தங்கி, வீங்கி, பலன் இல்லாமல் போகும்.

கலந்த மருந்தும் அல்ப்ரோஸ்டடில் ஆம்பூலும் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரில் வேண்டாம், கதவுத் தட்டிலும் வேண்டாம். மேட்டுக்கு மேலே எஸ்டேட் குடியிருப்புகளில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் நாள் கணக்கில் வராது, அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் வெளியில் வைத்தாலும் கெடாத மருந்து ஏதாவது எழுத முடியுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். நிறம் மாறினாலும் கலங்கினாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

வீட்டில் போடும் முறை

சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நல்ல வெளிச்சத்தில், சுவரில் சாய்ந்தோ தலையணை வைத்தோ பாதி உட்கார்ந்த நிலையில் இருங்கள். மருந்தை டாக்டர் சொன்ன அளவுக்கு இழுத்து, சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றி, அளவை இன்னொரு முறை பாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

நுனித்தோல் இருந்தால் பின்னுக்குத் தள்ளி, நுனி மொட்டைப் பிடித்து (தோலைப் பிடித்தால் வழுக்கிவிடும்) குறியைத் தொடையை ஒட்டினாற்போல் நீட்டிப் பிடியுங்கள். முறுக்கிவிடக் கூடாது, மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். இப்போது குறியை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி, அதாவது நடு உச்சியில், நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன, அங்கே குத்தக் கூடாது. ஆறு மணி, அடிப்பக்கம், சிறுநீர்க் குழாய் இருக்கிறது, அங்கேயும் கூடாது. பத்து மணியும் இரண்டு மணியும்தான் உங்கள் இடம், அடிவயிற்றை ஒட்டிய மூன்றில் ஒரு பங்குக்குள். கண்ணுக்குத் தெரியும் பச்சை நரம்பு குறுக்கே இருந்தால் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். இன்று வலம் என்றால் அடுத்த முறை இடம்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காய்ந்ததும், சிரிஞ்சைப் பென்சில் மாதிரி பிடித்து, தோலுக்கு நேர்செங்குத்தாக ஒரே மூச்சில் உள்ளே விடுங்கள். மெதுவாகக் குத்தினால்தான் வலி. முழு ஊசியும் உள்ளே போனதும் ஐந்து பத்து நொடியில் மருந்தைத் தள்ளுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். அழுத்தினாலும் போகவில்லை, எரிகிறது, தோல் உப்புகிறது என்றால் இடம் சரியில்லை, ஊசியை லேசாகப் பின்னுக்கு இழுத்தோ முன்னுக்கு விட்டோ பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் வெளியே எடுத்துவிட்டு அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

எடுத்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பத்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லாரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், ரத்தம் கட்டுவதும் நாளாக ஆக உள்ளே தழும்பு விழுவதும் இதனால்தான் கூடுகிறது. போனில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊசி போட்ட நேரம் இன்ன மணி என்று.

ஐந்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் விறைப்பு வரும். எழுந்து நின்றால் சீக்கிரம் வரும், நெருக்கமும் தொடுதலும் இருந்தால் இன்னும் நன்றாக வரும். மொட்டு மட்டும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கலாம், விந்து வெளியேறிய பிறகும் விறைப்பு கொஞ்ச நேரம் நிற்கலாம். இரண்டும் சாதாரணம்தான், பயப்பட வேண்டாம். ஆசையையும் உச்சத்தையும் ஊசி கொண்டுவராது. சரியாக வரவில்லை என்றால் அன்றைக்கே இரண்டாவது ஊசி போடக் கூடாது. மாத்திரையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையே 24 மணி நேரம், வாரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். குடித்திருக்கும் ராத்திரி ஊசியைத் தொடாதீர்கள், அளவும் தவறும், நேரமும் தவறும், விறைப்பு இறங்கவில்லை என்பது தெரியாமலே தூங்கிப்போவீர்கள்.

ஊசி போட்ட இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் இருக்கலாம் என்பதால், ஒருவருக்கொருவர் நோய்த்தொற்று பற்றிய சந்தேகம் இருந்தால் ஆணுறை அவசியம்.

நான்கு மணி நேரம்

ஊசியால் வந்த விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காவிட்டால் அது அவசர நோய். உள்ளே சிக்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, தசை சாக ஆரம்பிக்கும். ஒரு நாள் தாண்டினால் பெரும்பாலும் அந்தத் தசை திரும்ப வராது, அதன் பிறகு எந்த மருந்தாலும் விறைப்பு வராமல் போகலாம். டோஸ் சரியாக இருந்தால் இது அபூர்வம். ஆனால் அபூர்வம் என்பதால் திட்டம் இல்லாமல் இருக்க முடியாது.

இரண்டு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லையா, உறவை நிறுத்துங்கள். சிறுநீர் கழியுங்கள், வீட்டுக்குள் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள், பெரிய தொடைத் தசைகள் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். துணியில் சுற்றிய ஐஸைத் தொடையின் உள்பக்கம் வையுங்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

மூன்று மணி நேரம் வரை காத்திருக்கலாமா என்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய நகரத்தில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரி இருபது நிமிடம். குமுளியிலிருந்து கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கம்பத்திலிருந்து க. விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லோயர் கேம்ப் மலைப்பாதையில் மழைக்கு மண் சரியும், பனி மூட்டத்தில் லாரி நின்றுவிடும், சபரிமலை சீசனில் ஒருவழிப் பாதையாக்கி வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகச் சுற்றிவிடுவார்கள். ஆகவே நான்கு மணி நேரம் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் நேரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த நேரத்தில் நீங்கள் கேஷுவால்டியில் படுத்திருக்க வேண்டும். பயண நேரத்தைக் கழித்துவிட்டு, உங்கள் வீட்டில் இருந்து எப்போது புறப்பட வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். வீட்டில் முதல் தடவையாக ஊசி போடுவதற்கு முன், ஒரு பகல் வேளையில், பக்கத்தில் யூராலஜி டாக்டர் ராத்திரியிலும் வரக்கூடிய ஆஸ்பத்திரி எது, எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊசி டாக்டர் கோட்டயத்தில் இருந்தால் என்ன, அவசரத்துக்குத் தேனிதான் பக்கம் என்றால் தேனிக்குத்தான் போக வேண்டும். முன்பு நான் சொன்ன நிபந்தனை இதுதான்.

டாக்டரிடம் ஒரு ஆங்கிலக் கடிதம் வாங்கி, போனில் படமெடுத்து வைத்திருங்கள்: என்ன மருந்து, எத்தனை மைக்ரோகிராம், வேறு என்ன நோய்கள். தமிழில் எழுதிய சீட்டைக் கேரளப் பக்கம் கேஷுவால்டியில் வாசிக்கத் தெரியாமல் போகலாம், மலையாளச் சீட்டுக்கு இந்தப் பக்கத்திலும் அதே கதைதான். அங்கே போனதும் வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று வரிசையில் நிற்காதீர்கள். "விறைப்புக்கு ஊசி போட்டேன், இத்தனை மணிக்கு, இன்னும் இறங்கவில்லை" என்று ஒரே வாக்கியம். ஊசியால் அந்தப் பழைய ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, பிரஷரைக் கவனித்துக்கொண்டே, ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் மருந்தைச் சின்ன அளவில் செலுத்துவார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

மனைவியிடம்

சொல்லாமல் பாத்ரூமில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து, அது வேண்டாம். மேலே சொன்ன அந்த ராத்திரியில் வண்டி பிடிக்க, பேச, கூட வர ஒரு ஆள் வேண்டும். அதற்கும் மேல், பல வருஷமாகக் கணவர் விலகிப் படுப்பதைத் தன்மேல் வெறுப்பு என்று நினைத்து மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர், இது சுகரால் நரம்பில் வந்த நோய் என்று தெரிந்ததும்தான் அவர்களுக்கு மூச்சு வருகிறது. டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போய் உட்காருங்கள். மனைவிக்கு விருப்பம் இல்லை என்றாலும் அது தெரிந்துவிடும், அதையும் மதிக்க வேண்டும்.

நாள் போகப் போக

நிறையப் பேர் ஆரம்பத்து இரண்டு மூன்று மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வலி, சலிப்பு, திட்டமிட்டு உறவு கொள்வதில் ஒரு கூச்சம். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் வருஷக்கணக்கில் நிம்மதியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வலிதான் பிரச்சினை என்றால் மருந்தை மாற்றவோ கலவைக்குப் போகவோ முடியும், பேசாமல் நிறுத்திவிடாதீர்கள்.

மாதம் ஒரு முறை, விறைப்பு இல்லாத நேரத்தில், குறியை இரு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி மாதிரி கட்டியோ தடித்த பட்டையோ தட்டுப்பட்டால், விறைக்கும்போது முன்பு இல்லாத வளைவு தெரிந்தால், ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் சிலருக்குத் தானே கரைந்துவிடும். எதுவும் தெரியாவிட்டாலும் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுவது நல்லது. பழைய டோஸ் போதவில்லை என்று தோன்றினால் நீங்களாகக் கூட்டாதீர்கள். முதலில் மருந்து வெயிலிலோ கரண்ட் போனதிலோ கெட்டதா, தவறான இடத்தில் குத்துகிறீர்களா, சுகர் ஏறிக்கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பலன் குறைந்துகொண்டே வந்தால், காற்றை உறிஞ்சி விறைப்பைக் கொண்டுவரும் வாக்யூம் பம்ப் இருக்கிறது, அதையும் தாண்டி உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு ஊசி கூடவே கூடாது.

போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பையில் வீசாதீர்கள், எஸ்டேட் லைன் வீட்டுக் குழந்தைகள் கையில் அது கிடைக்கும். மூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடுங்கள்.